மைக் செட் ஆம்ப்பில் எல்இடி விளக்கு: எத்தனை கே போடுவது?

களக்காட்டுப் பக்கம் மைக் செட் வைத்து நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, என் ஆம்ப்பில் முன்பக்கத்துப் பவர் விளக்கு அணைந்துவிட்டது. பழைய சிவப்பு எல்இடியை எடுத்துவிட்டு நீலம் போட்டேன். கூட இருந்த ரெசிஸ்டர் கருகிப்போய் நிறப்பட்டை தெரியவில்லை. எல்லாரும் போடுவதுபோல் 1கே போட்டேன். பத்து நிமிஷத்தில் புகை வாசம் வந்துவிட்டது. சப்ளையை அளந்தால் 42 வோல்ட் இருக்கிறது. எத்தனை கே போட வேண்டும், அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது? இன்னொன்று, விளக்கு போட்ட நாளிலிருந்து மைக்கில் லேசாக 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

தம்பி, 15கே, அதாவது 15,000 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், அரை வாட் தாங்குவதாக. இரைச்சலுக்கும் விளக்குக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். இவ்வளவுதான் பதில் என்றாலும், உங்களிடம் வரும் அடுத்த ஆம்ப்பில் சப்ளை 42 ஆக இருக்காது. அதனால் கணக்கையும் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் 1கே ஏன் கருகியது என்று பார்ப்போம். 12 வோல்ட் பல்புக்கு 12 வோல்ட் கொடுத்தால் தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொண்டு ஒழுங்காக எரியும். எல்இடி அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட வோல்ட்டேஜ் வரும்வரை கம்மென்று இருக்கும், அதைத் தாண்டிக் கொஞ்சம் கூட்டினாலே கரண்ட் மளமளவென்று ஏறிவிடும். அந்த வோல்ட்டேஜ் நிறத்துக்கு நிறம் மாறும். சிவப்புக்கு 1.8 முதல் 2 வரை. மஞ்சளுக்கும் பழைய மங்கல் பச்சைக்கும் 2 முதல் 2.2 வரை. நீலம், வெள்ளை, இப்போது வருகிற பளிச்சென்ற பச்சை இவற்றுக்கு 3 முதல் 3.3 வரை. சப்ளையில் இதுபோக மிச்சமிருக்கும் வோல்ட்டேஜ் முழுவதையும் ரெசிஸ்டர்தான் சுமக்க வேண்டும்.

உங்கள் ஆம்ப்பில் 42. நீல எல்இடிக்கு 3.2 போனால் ரெசிஸ்டரின் மேல் 38.8 வோல்ட். 1கே போட்டதால் ஓடியது 38.8 மில்லி ஆம்பியர். சாதாரண 5 மி.மீ. எல்இடி தொடர்ந்து தாங்குவது 20 மில்லி ஆம்பியர்தான். ரெசிஸ்டரில் சூடாகப் போனது 38.8 பெருக்கல் 0.0388, அதாவது 1.5 வாட். கால் வாட் ரெசிஸ்டரின் தலையில் ஆறு மடங்கு பாரம். புகை வராமல் என்ன செய்யும்?

"எல்இடி என்றால் 1கே" என்ற பழக்கம் 12 வோல்ட் பாட்டரி செட்டிலிருந்து வந்தது. அங்கே அது சரியாகவே இருக்கும்: 12-இல் சிவப்புக்கு 1.9 போக 10.1, அதை 1கே-யால் வகுத்தால் 10 மில்லி ஆம்பியர், சூடு 0.1 வாட். ஆட்டோவில் கட்டி விளம்பரம் பண்ணுகிற ஆம்ப்பில் வருஷக்கணக்காக அது எரியும். அதே 1கே-யைக் கொண்டுபோய்ப் பெரிய ஆம்ப்பின் மெயின் சப்ளையில் வைத்தால்தான் வினை.

கணக்கு இதுதான். சப்ளை வோல்ட்டேஜில் எல்இடியின் வோல்ட்டேஜைக் கழியுங்கள். வருவதை, எத்தனை மில்லி ஆம்பியர் வேண்டுமோ அதனால் வகுங்கள். விடை நேராகக் கே-யிலேயே வரும். கடையில் கிடைப்பது 1, 1.2, 1.5, 1.8, 2.2, 2.7, 3.3, 3.9, 4.7, 5.6, 6.8, 8.2 என்ற வரிசையும் அதன் பத்து மடங்குகளும்தான். வந்த விடைக்கு அடுத்த பெரிய மதிப்பை எடுங்கள்.

இதில் கழித்தலும் வகுத்தலும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வரும். எத்தனை மில்லி ஆம்பியர் என்று முடிவு பண்ணுவதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். எல்இடி 20 தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து 20-ஐ வைத்தே வகுத்துவிடுகிறார்கள். அது தாங்கும் எல்லை. விளக்கு எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரிய அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு எல்இடி 1962-இல் வந்தது. அதன்பிறகு ரொம்பக் காலத்துக்கு எல்இடிகள் மங்கலாகத்தான் இருந்தன, 10, 20 மில்லி ஆம்பியர் கொடுத்தால்தான் பகலில் தெரியும். பழைய சர்க்யூட் புத்தகங்களில் இருக்கும் அளவுகள் அந்தக் காலத்தவை. பிரகாசமான நீல எல்இடியை ஜப்பானில் நகமுரா 1993-இல் கொண்டுவந்தார். நீல எல்இடிக்காக அவருக்கும் அகாசாகி, அமானோ என்ற இருவருக்கும் சேர்த்து 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது நாம் கடையில் வாங்குகிற எல்இடி, நிறம் எதுவானாலும், 1 அல்லது 2 மில்லி ஆம்பியரிலேயே நன்றாகத் தெரியும். பழைய கணக்கு மட்டும் கடைக்குக் கடை அப்படியே நிற்கிறது.

கொடைக்கு, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுக்கு, வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை நேரத்தை நினைத்துப் பாருங்கள். சாமி வேட்டைக்குப் போகும்போது பந்தல் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். இருட்டில் நீங்கள் ஆம்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மைக் எந்தக் குமிழ் என்று தடவிக்கொண்டிருப்பீர்கள். அப்போது ஒரு நீல எல்இடி 15 மில்லி ஆம்பியரில் முகத்துக்கு நேரே எரிந்தால், பக்கத்தில் எழுதியிருக்கும் எழுத்து ஒன்றும் தெரியாது. இருட்டுக்குப் பழகிய கண், சிவப்பைவிட நீலத்தையும் பச்சையையும் பல மடங்கு கூர்மையாகப் பிடிக்கும். பகலில் அளவாகத் தெரிந்த நீலம் ராத்திரியில் கூசுவது இதனால்தான். என்னைக் கேட்டால் பவர் விளக்குக்குச் சிவப்போ ஆரஞ்சோ போடுங்கள் என்பேன். நீலம்தான் வேண்டும் என்றால் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதை வாங்காமல் பால் நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். தெளிவானதுதான் கையில் இருக்கிறது என்றால் அதன் தலையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிடுங்கள். ஒரே நேர்க்கோட்டில் குத்துகிற வெளிச்சம் பரவலாகி, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

உங்களுக்கு நான் 15கே சொன்னது இந்தக் கணக்கில்தான். 38.8-ஐ 15-ஆல் வகுத்தால் 2.6 மில்லி ஆம்பியர். மதியக்கொடை வெயிலில் பந்தல் ஓரமாக வைத்தாலும் தெரியும், ராத்திரி தொந்தரவும் அதிகம் இருக்காது. ராத்திரி வேலைதான் அதிகம் என்றால் 39கே போட்டுப் பாருங்கள். 1 மில்லி ஆம்பியர்தான் ஓடும், நீலத்துக்கு அதுவே போதும். கரண்ட்டைப் பாதியாக்கினால் வெளிச்சம் பாதியானதுபோல் கண்ணுக்குத் தோன்றாது, கொஞ்சம் அடங்கியதுபோலத்தான் இருக்கும். அதனால் பெரிய மதிப்புப் போடப் பயப்பட வேண்டாம்.

கணக்கில் நம்பிக்கை வராவிட்டால் கண்ணையே கேட்கலாம். 10கே அரை வாட் ஒன்றையும் 47கே வால்யூம் கண்ட்ரோல் ஒன்றையும் வரிசையாக வைத்து எல்இடியை அந்த 42 வோல்ட்டில் கொடுங்கள். கடை விளக்கை அணைத்துவிட்டுக் குமிழைத் திருகி, போதும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். சப்ளையை அணைத்து, அதில் இருக்கும் பெரிய கண்டென்சரின் சார்ஜ் இறங்கியபின், கண்ட்ரோலின் ஓம்ஸை அளந்து 10கே-யோடு கூட்டினால் உங்களுக்கு வேண்டிய ரெசிஸ்டர் அதுதான். அந்த 10கே கூட இல்லாமல் கண்ட்ரோலை மட்டும் வைத்துத் திருகாதீர்கள். கடைசி முனைக்குப் போனதும் எல்இடி ஒரு மின்னலோடு போய்விடும்.

அடுத்தது வாட். 15கே-யில் 2.6 மில்லி ஆம்பியர் ஓடினால் சூடு 0.1 வாட். கால் வாட்டே போதாதா என்று கேட்பீர்கள். மேசையில் வைத்து ஓட்டினால் போதும். ஆனால் ஆம்ப் ஓடுவது மேசையில் இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தக் காற்றுதான் ஆம்ப்புக்குள்ளும் போகிறது, உள்ளே ஹீட் சிங்க், டிரான்ஸ்பார்மர் சூடு வேறு. ரெசிஸ்டரின் மேல் எழுதிய வாட், சுற்றியிருக்கும் காற்று 70 டிகிரிக்குள் இருக்கும்வரைதான் செல்லும். நான் எப்போதும் எழுதியதில் பாதிக்கு மேல் சுமத்துவதில்லை. போர்டில் படுக்க வைக்காமல் நெல்மணி உயரத்துக்குத் தூக்கிச் சால்டர் பண்ணினால் அடியில் போர்டு பழுப்பேறாது.

இன்னொரு காரணம் கரண்ட்டின் ஏற்ற இறக்கம். டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரத்தில் இருக்கிற ஊரில் சீரியல் செட்டெல்லாம் எரிகிற ராத்திரியில் 230 வோல்ட் 180-க்கும் கீழே இறங்குவதை நான் மீட்டரில் பார்த்திருக்கிறேன். ஜெனரேட்டரில் ஓடும்போது யாராவது பெரிய லோடை அணைத்தால் எகிறி 260-ஐத் தொடும். 230-இல் 42 வோல்ட் தருகிற உங்கள் சப்ளை, 180-இல் 33 ஆகும், 260-இல் 47.5 ஆகும். 15கே-யோடு அந்த நீல எல்இடி 180-இல் 2 மில்லி ஆம்பியர், 260-இல் 2.95 மில்லி ஆம்பியர் எடுக்கும். கண்ணுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. ரெசிஸ்டரின் சூடும் 0.13 வாட்டைத் தாண்டாது. அரை வாட் என்றால் எந்தக் கொடைக்கும் நிம்மதியாகப் போகலாம்.

சப்ளை வோல்ட்டேஜுக்கும் எல்இடி வோல்ட்டேஜுக்கும் நடுவே வித்தியாசம் அதிகமாக இருந்தால் விளக்கு நிலையாக இருக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா? இதற்கு நேர்மாறானது 5 வோல்ட் சப்ளையில் நீல எல்இடி. ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 1.8 வோல்ட்தான். சப்ளை அரை வோல்ட் இறங்கினாலே வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். யுஎஸ்பி, புளூடூத் போர்டுகளின் நீல விளக்கு பாட்டின் தாளத்துக்குத் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் பெரும்பாலும் இதுதான். அங்கே சிவப்பு போட்டால் 3 வோல்ட்டுக்கு மேல் மிஞ்சும், துடிப்பு அடங்கும்.

இனி ரெசிஸ்டரை எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டும். கணக்கைச் சரியாகப் போடுகிறவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. எல்இடியின் காலிலேயே ரெசிஸ்டரைச் சுற்றிச் சால்டர் பண்ணி, அங்கிருந்து நீளமாக ஒரு வயரைப் பின்பக்கச் சப்ளைக்கு இழுத்துவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த வயர் நெடுக 42 வோல்ட், தடுக்க ஒன்றுமில்லாமல் ஓடுகிறது. மைக் செட் வேனில் குலுங்கிக் குலுங்கிப் போகிற சாமான். ஒருநாள் அந்த வயரின் தோல் சேஸிஸின், அதாவது ஆம்ப்பின் உலோகக் கூட்டின், விளிம்பில் உரசிக் கிழிந்தால், பெரிய கண்டென்சரில் இருக்கிற சார்ஜ் முழுவதும் அந்த ஒரு இடத்தில் பொரிந்துவிடும். ரெசிஸ்டரைச் சப்ளைப் பக்கம், கண்டென்சரின் காலுக்கு அருகிலேயே வைத்து, அதன் மறுமுனையிலிருந்து முன்பக்கத்துக்கு வயரை இழுங்கள். அப்புறம் அந்த வயர் எங்கே உரசினாலும் 3 மில்லி ஆம்பியருக்குமேல் ஓடாது. விளக்கு அணையும், அவ்வளவுதான்.

இப்போது அந்த 'ர்ர்ர்' சத்தத்துக்கு வருகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தபோது ஒரு ஆம்ப்புக்குப் புதிதாக எல்இடி வைத்தேன். பிளஸ்ஸைச் சப்ளையிலிருந்து சரியாக எடுத்துவிட்டேன். மைனஸுக்குப் பின்பக்கம்வரை இன்னொரு வயர் எதற்கு என்று, எல்இடிக்குப் பக்கத்தில் இருந்த வால்யூம் கண்ட்ரோலின் எர்த்துக் காலிலேயே தொட்டுவிட்டேன். கடையில் பாட்டுப் போட்டுப் பார்த்தேன், அருமையாக இருந்தது. அந்த வாரமே அது நாங்குநேரிப் பக்கம் ஒரு இசக்கியம்மன் கொடைக்குப் போனது. வில்லுப்பாட்டு. குடமும் உடுக்கையும் வில்லின் மணிகளும் சேர்ந்து முழங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. புலவர் குரலைத் தாழ்த்தி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதையில் வருகிற பெண் காட்டுவழி போகிற இடத்தைச் சொல்லும்போது, குழாய் எல்லாவற்றிலும் குரலுக்குக் கீழே ஒரு இரைச்சல் ஒட்டிக்கொண்டே வந்தது. ஊரே மூச்சு விடாமல் கேட்கிற இடம் அது. மறுநாள் கடையில் ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தேன். எல்இடியின் மைனஸ் வயரைத் தூக்கியதும் இரைச்சல் காணாமல் போய்விட்டது.

காரணம் என்னவென்றால், சப்ளையில் இருக்கும் 42 வோல்ட் சுத்தமான நேர்க்கரண்ட் இல்லை. பாட்டு ஓடும்போது அதன் மேல் 100 ஹெர்ட்ஸில் ஒன்றிரண்டு வோல்ட் அலை ஏறி இறங்கும். 2 வோல்ட் அலை என்று வையுங்கள். எல்இடிக்கு 2கே போட்டு 20 மில்லி ஆம்பியர் ஓட்டினால் அந்த அலையில் 1 மில்லி ஆம்பியர் எல்இடி வழியாக எர்த்து வயருக்கு வரும். எர்த்து வயரின் தடை 0.05 ஓம் என்றாலும், அதில் 50 மைக்ரோவோல்ட் எழும். மைக்கிலிருந்து வருகிற சிக்னலே ஓரிரு மில்லிவோல்ட்தான். அதே எர்த்து வயரை மைக் இன்புட்டும் பங்கு போட்டுக்கொண்டால் அந்த 50 மைக்ரோவோல்ட்டும் சிக்னலாகவே பெருகி வெளியே வரும். 15கே போட்டிருந்தால் அது 7 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கும். கரண்ட்டைக் குறைக்கச் சொல்வதில் கண்ணோடு காதுக்கும் லாபம் இருக்கிறது.

ஆனால் குறைத்தால் மட்டும் போதாது. எல்இடியின் மைனஸ் வயர் தனியாக, கண்டென்சரின் எர்த்து முனைக்கே திரும்பிப் போக வேண்டும். வழியில் மைக் ஜாக், வால்யூம் கண்ட்ரோல், சேஸிஸ் எதையும் தொடக்கூடாது. பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றோடொன்று முறுக்கி, மைக் ஷீல்டு வயரோடு சேர்த்துக் கட்டாமல் சேஸிஸின் இன்னொரு ஓரமாகக் கொண்டுவாருங்கள்.

பிளஸ் 42, மைனஸ் 42 என்று இரண்டு பக்கச் சப்ளை உள்ள ஆம்ப்பாக இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எர்த்தையே தொடாமல், பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு நேராக எல்இடியைக் கொடுத்துவிடலாம். கரண்ட் எர்த்து வயருக்குள் வரவே வராது. அப்போது மொத்தம் 84 வோல்ட் என்பதால் ரெசிஸ்டரும் பெரிதாக வேண்டும்: 33கே போட்டால் 2.4 மில்லி ஆம்பியர், சூடு 0.2 வாட், அரை வாட் போடலாம். பிளஸ் 15, மைனஸ் 15-இல் ஓடுகிற மிக்சருக்கும் இதே முறைதான் நல்லது. சிவப்பு எல்இடிக்கு 10கே கால் வாட் போதும்.

மிக்சர் என்றதும் பேன்டம் விளக்கு ஞாபகம் வருகிறது. 48 வோல்ட் பேன்டம் சப்ளை சின்னது, கண்டென்சர் மைக்குக்குக் கொடுக்கத்தான் அது இருக்கிறது. விளக்கே 10, 15 மில்லி ஆம்பியரை விழுங்கினால் மைக்குக்கு வோல்ட்டேஜ் இறங்கிவிடும். 22கே அரை வாட் போடுங்கள், 2 மில்லி ஆம்பியர் ஓடும். சுவிட்சுக்குப் பிறகு எடுங்கள், அப்போதுதான் மைக்குக்கு 48 போகிறதா என்று விளக்கு சொல்லும்.

எந்த இடத்திலிருந்து எடுக்கிறோமோ, அந்த இடத்தின் நிலையைத்தான் விளக்கு சொல்லும். பவர் விளக்கைப் பியூசுக்கு முன்னால், கண்டென்சரிலேயே எடுத்திருந்தால் டிரான்ஸ்பார்மரும், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜும் நன்றாக இருக்கின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம். அதில் ஒரு உபயோகமும் உண்டு. சுவிட்சை அணைத்ததும் நல்ல ஆம்ப்பில் விளக்கு சில விநாடிகளில் மங்கி அணையும், போர்டே கண்டென்சரைக் காலி பண்ணிவிடும். 10,000 மைக்ரோபாரட் கண்டென்சரும் 15கே-யும் மட்டும் இருந்தால், அது இறங்க நிமிஷக்கணக்காகும். அதனால் சத்தமும் வராமல், அணைத்த பிறகும் விளக்கு ரொம்ப நேரம் மினுக்கிக்கொண்டிருந்தால், போர்டு கரண்ட்டே எடுக்கவில்லை, முதலில் சப்ளைப் பியூசைப் பாருங்கள். மூடியைத் திறக்காமலே இவ்வளவு தெரிந்துவிடும். திறந்த பிறகு விளக்கு அணைந்திருக்கிறதே என்று நம்பிக் கையை வைக்காதீர்கள், விளக்கே போயிருக்கலாம். மீட்டரை வைத்து அளந்தபிறகுதான் கை.

சிலர் பிரிட்ஜுக்கு முன்னால், டிரான்ஸ்பார்மரின் 12 வோல்ட் ஏசியிலேயே எல்இடியைக் கொடுப்பார்கள். அதில் எல்இடிக்குத் தலைகீழ் வோல்ட்டேஜும் மாறி மாறி வரும். எல்இடி தலைகீழாகத் தாங்குவது 5 வோல்ட் அளவுதான், 12 வோல்ட் ஏசியின் உச்சமோ 17. எல்இடியின் இரண்டு காலுக்கும் குறுக்கே 1என்4148 டயோடு ஒன்றைத் திருப்பிப் போட்டுவிடுங்கள், 1.5கே போதும். ஆனால் இந்த வயர்களில் ஏசி ஓடுவதால் மைக் இன்புட் பக்கம் கொண்டுபோனால் ஹம்மிங் நிச்சயம். டிசி கிடைக்கும்போது ஏசிக்குப் போக வேண்டாம்.

230-இல் நேராக எல்இடி கொடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும் யாராவது செய்வார்கள். ஒரு டயோடும் 47கே-யும் போட்டால் எரியும்தான். ஆனால் அந்த ரெசிஸ்டரில் அரை வாட்டுக்கு மேல் சூடு, அதன் மேல் 325 வோல்ட் உச்சம். சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும் வோல்ட்டேஜே 250 அளவுதான். அதைவிட, முன்பக்கத்தில் கை படுகிற இடத்தில் மெயின்ஸ் கரண்ட் வந்து நிற்கும். ஈரத்தரையில், வெறும் காலோடு மைக் பிடிக்கிறவர்கள் இருக்கிற இடத்துக்குப் போகிற சாமானில் அதைச் செய்யவே கூடாது. ஆம்ப்புக்குள்தான் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே, அதன் இந்தப் பக்கத்திலிருந்து எடுங்கள். பழைய ஆம்ப்பில் மெயின்ஸில் சிவப்பு நியான் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், போனால் ரெசிஸ்டரோடு மூடியாக வருகிற நியான் விளக்கையே வாங்கி மாட்டுங்கள்.

லெவல் காட்டுகிற எல்இடி வரிசைக்கு வேறு கணக்கு. எல்எம்3915 ஐசியில் பத்து எல்இடி, படிக்கு 3 டெசிபல். அதில் ஒவ்வொரு எல்இடிக்கும் ரெசிஸ்டர் வேண்டாம், கரண்ட்டை ஐசியே கட்டுப்படுத்தும். 7-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே இருக்கிற ஒரே ரெசிஸ்டர்தான் பத்துக்கும் அளவு. 12.5-ஐ அந்தக் கே-யால் வகுத்தால் ஓர் எல்இடியின் மில்லி ஆம்பியர் ஏறக்குறைய வரும். 1.2கே என்றால் 10, 3.9கே என்றால் 3.2. 12 வோல்ட்டில் பத்தும் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் வீதம் எரிந்தால் ஐசிக்குள் 1 வாட் சூடு, அது தாங்கும் எல்லையே 1.4 வாட்டுக்குக் கொஞ்சம் கீழேதான். 3.9கே போட்டால் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். பாட்டோடு சேர்ந்து கரண்ட் குதிப்பதால் அந்த போர்டுக்குத் தனி சப்ளை வயர் கொடுத்து, பக்கத்திலேயே 10 மைக்ரோபாரட் ஒன்றும் வையுங்கள்.

இரண்டு எல்இடியை ஒரே ரெசிஸ்டரில் எரிக்க வேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வையுங்கள், பக்கம் பக்கமாக வைக்காதீர்கள். சிவப்பும் நீலமும் பக்கத்தில் வைத்தால் சிவப்பு 2 வோல்ட்டிலேயே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், நீலம் எரியவே எரியாது.

சரி, உங்கள் ஆம்ப்புக்கு வருவோம். அந்த நீல எல்இடி 38 மில்லி ஆம்பியரில் பத்து நிமிஷம் வெந்திருக்கிறது, எரிந்தாலும் மாற்றிவிடுங்கள். புதிய ரெசிஸ்டரை எடுக்கும்போது பட்டையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், 15கே என்றால் பழுப்பு, பச்சை, ஆரஞ்சு. டியூப்லைட்டுக்குக் கீழே ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோலவே தெரியும், சிவப்பாக இருந்தால் அது 1.5கே, திரும்பவும் புகைதான். மீட்டரில் ஒருதரம் அளந்தபிறகு போடுங்கள்.

போட்டு முடித்ததும் மைக்கை மாட்டி, வால்யூமை முக்காலுக்கு வைத்து, யாரும் பேசாமல் கேளுங்கள். இரைச்சல் இன்னும் இருந்தால், அணைத்துவிட்டு எல்இடியின் மைனஸ் வயரை மட்டும் கழற்றி மறுபடியும் கேளுங்கள். அது கழன்றதும் நின்றால் அந்த வயர் இன்னும் தப்பான எர்த்தில்தான் இருக்கிறது. கழற்றியும் நிற்காவிட்டால் விளக்கை விட்டுவிட்டு மைக் வயரின் ஷீல்டையும் அந்தப் பெரிய கண்டென்சரையும் பாருங்கள். ஆம்ப் பழையதாக இருக்கலாம், கண்டென்சரின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்த்து, பாட்டு ஓடும்போது அதன் மேல் மீட்டரை ஏசியில் வைத்து எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று குறித்து அனுப்புங்கள்.